ஈஸ்டர் சனிக்கிழமை மாறிப்போன டிராலி

பிஸ்கட் அலமாரி வரிசையின் முனையில் குனிந்தபோதுதான் கவனித்தேன். நான் தள்ளிக்கொண்டிருந்த டிராலியில் பூனை உணவு இரண்டு பெட்டி இருந்தது. எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

உடனே முன்பக்கம் குழந்தை உட்காரும் மடக்கு இருக்கையைப் பார்த்தேன். நான் அங்கே வைத்திருந்த வெள்ளைக் காகிதப் பை இல்லை. அதன் இடத்தில் மஞ்சள் டாஃபடில் பூங்கொத்து ஒன்று கிடந்தது.

அந்தப் பையில் இருந்தது என் மனைவி நோரீனின் கண்ணுக்கான சொட்டு மருந்து. அவளுக்கு வலது கண் போய் ஆறு வருடமாகிறது. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கி, வலியே இல்லாமல் பார்வையை அணைத்துவிட்டது. இடது கண்தான் மிச்சம். அதில் தினமும் ஒரு சொட்டு விட வேண்டும், ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. எல்லோருக்கும் கொடுக்கும் மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத வகையைத் தனியாக வரவழைக்க வேண்டும். பழைய புட்டி முந்தின நாளோடு தீர்ந்துவிட்டது. புதியது ஒரு வாரம் தாமதமாகி அன்று காலைதான் வந்திருந்தது.

கடைக்குள்ளேயே மருந்துப் பிரிவை நடத்தும் சஃபியா அதைக் கொடுக்கும்போதே சொன்னாள்.

"கிளிஃப், பத்திரம். இதத் தொலைச்சீங்கன்னா அடுத்தது புதன்கிழமைதான். ஒரு மணிக்கு நான் ஷட்டரை இறக்கிடுவேன். நாளைக்கும் திங்களும் லீவு."

"நான் எதையும் தொலைச்சதே இல்லம்மா," என்றேன்.

அப்போது மணி பன்னிரண்டு ஐந்து. இப்போது பன்னிரண்டு இருபத்திரண்டு.

ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய கடைகள் திறக்கக்கூடாது என்பது சட்டம். ஒரே ஒரு நாள்தான். ஆனால் அதற்கு முந்தின சனிக்கிழமை இங்கிலாந்தின் வடக்கிலிருக்கும் எங்கள் ஊர் ப்ரெஸ்டன் முழுக்க, முற்றுகைக்குத் தயாராகும் கோட்டையைப் போல ரொட்டியும் பாலும் அள்ளிக்கொண்டு போகும். அன்று டிராலிக்கும் டிராலிக்கும் இடையில் ஒரு கை நுழைய இடமில்லை. இப்படிப்பட்ட நாளில் நான் டிராலியை வரிசைகளுக்குள் கொண்டுபோவதே இல்லை. வரிசை முனையில் ஓரமாக நிறுத்திவிட்டு, உள்ளே நடந்து போய், கைநிறைய எடுத்துக்கொண்டு திரும்புவேன். முப்பத்தொரு வருடம் நகராட்சியில் போக்குவரத்து விளக்குகளைப் பராமரித்தவன் நான். நெரிசலைக் குறைக்க நின்றுகொண்டிருக்கும் வண்டியே மேல் என்று எனக்குத் தெரியும். இந்த யோசனை இன்னொருவருக்கும் தோன்றும் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கே மாறியிருக்கும் என்றும் தெரிந்துவிட்டது. பால் இருக்கும் இடம். அங்கே பாலை யாரும் கையால் அடுக்குவதில்லை. பண்ணையிலிருந்து வரும் சக்கரம் வைத்த இரும்புக்கூடு அப்படியே குளிர் அலமாரிக்குள் நுழைந்து, கீழே ஒரு தாழ்ப்பாளில் மாட்டிக்கொள்ளும். காலியானதும் தாழ்ப்பாளைக் காலால் அமுக்கி, கூட்டையே உருவி, நிறைந்த கூட்டைச் செருகுவார்கள். ஒரு பெண் அதைச் செய்துகொண்டிருந்தாள். அந்தத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்க நான் முட்டி போட்டேன். எழுந்து, கைக்கு எட்டிய டிராலியைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

கைப்பேசி அடித்தது. நோரீன். அவள் காரில் இருந்தாள். கூட்டத்தில் வலது பக்கமாக வந்து இடிப்பவர்கள் அவள் கண்ணில் படமாட்டார்கள் என்பதால் வெளியிலேயே இருந்துகொள்வாள்.

"என்னய்யா, நாளைக்கு விருந்துக்கு ஆட்டுத்தொடை வாங்கப் போய் ஆட்டையே வளர்க்கிறியா உள்ள?"

"கூட்டமா இருக்கு."

"மருந்து வந்துச்சா?"

"வாங்கிட்டேன்," என்றேன். அது பொய்யில்லை.

"உன் குரலே சரியில்லயே. எதையாவது கழட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கியா?"

"இல்லம்மா. வந்துடுறேன்."

முதலில் உதவி மேசைக்குப் போனேன். ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அங்கே பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அவசரம் என்று சொன்னால் விட்டிருப்பார்கள். விட்டுவிட்டு, பதினான்கு பேரும் சேர்ந்து ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பார்கள். எங்கள் ஊரில் அதைத் தாங்குவது கஷ்டம். போதாததற்கு, அடுத்தவர் டிராலியை ஓட்டிக்கொண்டு வந்த கிழவன் நான்தான் என்று கடை முழுக்க அறிவிப்பார்கள். கடைசி ஆளாக நின்றேன். இரண்டு நிமிடத்தில் ஒருவர்கூட நகரவில்லை. கிளம்பிவிட்டேன்.

சரி, டிராலியைப் படிப்போம் என்று நினைத்தேன். ஒரு டிராலியில் சாமான் விழுந்திருக்கும் அடுக்கு, அந்த ஆள் நடந்த பாதையின் வரைபடம். அடியில் பூனை உணவும் லாவெண்டர் சோப்பும். அதற்கு மேல் புதினா சாஸ், ஒரு சிறிய ஆட்டுத்தொடை, ஒரு புட்டி ஜின். ஆக, இவர் கடையின் தூரத்து முனையில் தொடங்கி, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் வருகிறார். அனுபவசாலி. ரொட்டி இல்லை. உறைந்த பட்டாணி இல்லை. இனிமேல்தான் அங்கே போக வேண்டும். லாவெண்டர், பூனை, டாஃபடில் மூன்றையும் கூட்டினால் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி, தனியாக வாழ்பவர், நாளை யாரோ சாப்பிட வருகிறார்கள்.

ரொட்டிப் பக்கம் விரைந்தேன். போகும் வழி பால் பக்கமாகத்தான். அங்கே சாரம் கட்டும் வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையில், கழுத்து வரை பச்சை குத்திய ஒரு பெரிய இளைஞன் குளிர் அலமாரியை ஒட்டிக் கைகட்டி நின்றிருந்தான். மனைவிக்காகக் காத்திருக்கிறான் போலும். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நானும் அசைத்தேன்.

ரொட்டி வரிசையில் நான் தேடிய உருவமே நின்றிருந்தது. வெள்ளை முடி, வெளிர் கோட்டு, பூப்போட்ட பை.

"மன்னிக்கணும். இது உங்க டிராலியா இருக்குமோ?"

அவர் தன் டிராலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். "என்னுது இதோ இருக்கே."

"பூனை வளர்க்கிறீங்களா?"

"உங்க கூட யாராவது வந்திருக்காங்களா, கண்ணு?" என்று கேட்டார். குழந்தையைக் கேட்பதுபோல அவ்வளவு மென்மையாக.

உறைபொருள் பக்கம் ஓடினேன். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவருக்கு நாய்தான் உண்டு. அதன் பெயர், வயது, மூட்டுவலி எல்லாம் சொன்னார். விட்டு நகர நான்கு நிமிடம் ஆனது. திரும்பவும் பால் பக்கம் கடந்தேன். அந்த இளைஞன் இன்னும் நின்றான், இன்னும் தலையசைத்தான். பாவம், அவன் மனைவி வரவே இல்லை. காசாளர்கள் பக்கம் போய் ஒவ்வொரு டிராலியின் முன் இருக்கையையும் எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் தன் கைக்குழந்தையை மூடிக்கொண்டாள்.

மணி பன்னிரண்டு நாற்பத்தொன்பது. ஒரு சொட்டு. ஒரு நாள். புதன் என்றால் நான்கு நாள். மருத்துவமனைக்குப் போய் விடுமுறைக் கூட்டத்தில் உட்காரலாம். ஆனால் அங்கேயும் இந்த வகை இருக்கும் என்று யார் சொன்னது? நோரீன் ஒரு கண்ணால் இன்னும் குறுக்கெழுத்து போடுகிறாள், என்னை முறைக்கிறாள்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. முப்பத்தொரு வருடத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு சந்திப்பில் விளக்கு அணைந்துபோனால் இந்த ஊர்க்காரர்கள் பாய்ந்து போக மாட்டார்கள். எல்லோரும் நின்றுவிடுவார்கள். டிராலி மாறியவரும் தேடிப் போயிருக்க மாட்டார். மாறிய இடத்திலேயே நின்றிருப்பார்.

பால் பக்கம் திரும்பினேன். ஆரஞ்சுச் சட்டைக்காரன் கையை அவிழ்த்தான். அவன் முழங்காலுக்குப் பின்னால் என் டிராலி.

"தலைவரே," என்றான் தயங்கித் தயங்கி, "அது என்னுது மாதிரி இருக்கு."

"உன்னுதா? லாவெண்டர் சோப்பு?"

"எங்கம்மாவுக்கு. பூ, ஜின்னு எல்லாம் அம்மாவுக்கு. பூனை என்னுது."

"நான் ரெண்டு தடவை உன்னத் தாண்டிப் போனேனேப்பா! கூப்பிட்டிருக்கலாமே!"

"நீங்க ரொம்ப அவசரமா போற மாதிரி இருந்துச்சு. தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன். அதான் தலைய ஆட்டினேனே."

அவன் பெயர் டேமியன். ஏறக்குறைய அரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறான். நான் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. என் டிராலியின் முன் இருக்கை காலியாக இருந்தது.

"பை எங்க? வெள்ளைப் பை?"

"அதுவா? குளிர்ல வைக்கணும்னு எழுதியிருந்துச்சு. வெளிய இருந்தா கெட்டுடுமேன்னு உள்ள வெச்சேன். வெண்ணெய்க்குப் பின்னாடி." பெருமையோடு அலமாரிக்குள் கைவிட்டான். முழங்கை வரை போனது. முகம் மாறியது. "இங்கதான் வெச்சேன்."

நானும் கைவிட்டேன். விரல்கள் மரத்தன. வெண்ணெய் டப்பாக்கள் புதிதாக, நெருக்கமாக நின்றன. புரிந்துவிட்டது. நிரப்பும்போது பழைய சரக்கை முழுவதும் வெளியே எடுத்து, புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் வைப்பார்கள். அப்படி எடுத்தவள் பின்னால் இருந்ததைப் பார்த்திருப்பாள்.

"நீ இங்கருந்து நகர்ந்தியா?"

"ஒரே ஒரு நிமிஷம். ரொட்டிப் பக்கம் உங்களத் தேடி."

பால் கூட்டை மாற்றிய அதே பெண் இப்போது தயிர் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"காகிதப் பையா? நோரீன்னு பேர் போட்டது?" என்றாள். "யாரோ மனசு மாறி விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன், கண்ணு. மருந்துப் பிரிவுக்கே அனுப்பிட்டேன். பத்து நிமிஷம் இருக்கும்."

பன்னிரண்டு ஐம்பத்தாறு. மருந்துப் பிரிவு கடையின் அந்தக் கோடி.

"வாங்க," என்று டேமியன் முன்னால் போனான். அவன் யாரையும் இடிக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் "சாரி, சாரி, சாரி" என்று கெஞ்சிக்கொண்டே போனான். ஆனால் அந்த உடம்பு வருவதைப் பார்த்தே கூட்டம் பிளந்தது. நான் அவன் நிழலில் ஓடினேன். இரண்டு டிராலிகளையும் விட்டுவிட்டோம்.

ஷட்டர் இடுப்பு வரை இறங்கியிருந்தது. முன்னால் ஐந்து பேர் வரிசையில். டேமியன் அனிச்சையாகக் கடைசியில் போய் நின்றான். நானும் ஒரு கணம் நின்றேன். பிறகு விலகி, ஐந்து பேரையும் தாண்டிப் போய், ஷட்டருக்குக் கீழே தலையை நுழைத்தேன்.

"சஃபியா! என் பெண்டாட்டியோட கண்ணு!"

பின்னால் மௌனம். ஐந்து பேரின் மௌனம். முதுகில் உணர்ந்தேன். நகரவில்லை.

அவள் பையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தாள். "இதப் பார்த்ததும் எனக்கு உசுரே இல்ல. உங்க வீட்டு நம்பருக்கு மூணு தடவை அடிச்சேன்."

"நாங்கதான் இங்க இருக்கோமே."

"எதையும் தொலைச்சதே இல்லன்னு யாரோ சொன்னாங்க."

"கெட்டிருக்குமா?"

"ஃபிரிட்ஜுலதானே இருந்துச்சு. ஒண்ணும் ஆகாது. போங்க, நேரா கார்."

வரிசையைத் தாண்டும்போது ஐந்து பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஆறாவதாக நின்ற டேமியனிடமும். அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே நடந்தேன். டிராலியின் நினைவே வரவில்லை.

நோரீன் கார்க் கண்ணாடியை இறக்கினாள். பையை வாங்கி, இடது கண்ணுக்கு அருகில் வைத்து, பெயரையும் தேதியையும் மெதுவாகப் படித்தாள். பிறகு என் காலியான கைகளைப் பார்த்தாள்.

"ஆட்டுத்தொடை எங்க? ரொட்டி?"

நடந்ததைச் சொன்னேன். தாழ்ப்பாளிலிருந்து தொடங்கி முழுவதும். முடிந்ததும் அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"நோரீன், கூட்டம். வலது பக்கம் இடிப்பாங்க."

"இடிக்கட்டும். நாளைக்குக் கடை மூடியிருக்கும், பட்டினியா கெடக்கணுமா? நீ இதப் பிடிச்சுக்கிட்டு உட்காரு. இறங்காத. எதையும் தொட்டுப் பார்க்காத."

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனாள். வாசலில் எதிரே வந்த ஒருவர் அவள் வலது தோளில் உரசினார். இருவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். நான் பையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் கைச்சூடு காகிதத்தில் ஏறுவது தெரிந்தது. காரின் குளிர்க்காற்றைத் திருகிவிட்டு, பையைக் காற்று வரும் துவாரத்துக்கு நேராகப் பிடித்தபடி, அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.