சாம்பல் கல் சுவர்

ஏழைகளுக்கான அடுக்குமாடி வீடுகளை வெயில் தாங்கும் சாம்பல் கல்லில், அதாவது நிலக்கரிச் சாம்பலும் சிமென்டும் கலந்து வார்த்த கல்லில்தான், கட்ட வேண்டும் என்பது விதி. கட்டிய ஒப்பந்தக்காரர் என் அக்கா புருஷன். சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டிய ஆய்வாளர் நான்.

கட்டி முடித்த ஒரு வீட்டுக்குள் நின்று சுவரைச் சாவியால் சுரண்டினேன். மாவாக உதிர்ந்தது.

"கல்லை வார்த்ததும் இறுகறதுக்குத் தண்ணியே ஊத்தலையா, அத்தான்?"

"வீட்டு ஆளுன்னு நம்பினா வம்பா பண்ற? யானை முட்டினாலும் அசையாதுடா!"

"இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அத்தான் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஒரு குத்து விட்டார். மூக்கு உடைந்தது. நான் அவர் வயிற்றில் உதைத்தேன். அவர் என் தலைமுடியைப் பிடித்து, "நீயே முட்டிப் பாருடா!" என்று நெற்றியைச் சுவரில் மோதினார்.

சுவர் பொத்துக்கொண்டது. என் தலை பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது. அங்கே ஒரு பெண் தன் புது வீட்டில் கட்டில் போட இடம் அளந்துகொண்டிருந்தாள். இரத்தம் வழியும் என் முகத்தைப் பார்த்தாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்ற அத்தானையும் பார்த்தாள்; கட்டியவர் அவர்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னை வெளியே தள்ளிவிட்டு, விழுந்து கிடந்த கல்லை எடுத்து அவர் நெஞ்சைக் குறிபார்த்து வீசினாள்.

கல் பொடிப்பொடியாகச் சிதறியது. அத்தானுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"அடப்பாவி, உன்னை அடிக்கக்கூட உதவலையேடா! இதையா என் பிள்ளைங்க தலைக்கு மேல வச்சே?"