உடையாத நல்லி

மன்னார்குடிக் கல்லூரியில் எம்.ஏ. வரலாறு படித்த சுஹைபுக்கு 1997இல் இரண்டே வழிகள் இருந்தன. நியாண்டர்தால் மனிதர்களின் வேட்டை பற்றிய ஆய்வேட்டில் அறுபது மதிப்பெண் வாங்குவது. இல்லையென்றால் சவூதியில் இருக்கும் தம்மாமுக்கு விமானம் ஏறுவது. அங்கே வேலை பார்த்த வாப்பா சேக் தாவூது விசாவையே அனுப்பிவிட்டார்.

“செத்தவன் என்னத்தத் தின்னான்னு பாக்குறது ஒரு படிப்பாடா?” என்று தொலைபேசியில் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது.

படிப்பு அதுதான். கல்லால் அறுத்தால் எலும்பில் விழும் கீறலுக்குள் மெல்லிய கோடுகள் பல ஓடும்; இரும்புக் கத்தி ஒற்றைக் கோடு போடும். கீறலின்மேல் பல் தடம் இருந்தால் மனிதன் முதலில் தின்றான், மிச்சம் விலங்குக்கு. பல் தடத்தின்மேல் கீறல் இருந்தால் மனிதனுக்குக் கிடைத்ததே மிச்சம். நல்லி உடைந்திருந்தால் உள்ளே இருப்பதையும் உறிஞ்சியிருக்கிறான். இதையெல்லாம் ஓர் ஆட்டில் செய்து காட்ட வேண்டும்.

டெல்டாவில் நெல் விளையும். கல் கிடைக்காது, சோற்றில் அகப்படுவதைத் தவிர. பூதலூர் தண்டவாளத்து ஓரமாகக் கருங்கல் நான்கைப் பொறுக்கி, தட்டிச் சில்லுப் பெயர்த்தான். ஆடும் அமைந்தது. அதிராம்பட்டினத்து வீட்டில் அக்காள் ஷமீராவின் மகனுக்கு அக்கீகா: பிள்ளைக்கு முடியிறக்கி, ஆடறுத்து, ஊருக்குக் கறி கொடுப்பது. கறிக்கடை ஜெய்னுலாபுதீன் அறுத்து உரித்ததும் சுஹைப் ஒரு தொடையை வாங்கிக்கொண்டு கல்லோடு உட்கார்ந்தான்.

“தம்பி, இரும்பு கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சு. சேதி வரலியா?” என்றார் அவர்.

ஒரு மணி நேரத்தில் கறி கழன்றது. நல்லியை உடைக்கக் கல்லை ஓங்கினான். உம்மா ஹபீபுன்னிசா ஓடிவந்தார்.

“டேய், அக்கீகா ஆட்டு எலும்ப ஒடைக்கக் கூடாது! மூட்டு மூட்டாக் கழட்டு. புள்ளைக்கு ஆவாது.”

“நியாண்டர்தால் ஒடைச்சிருக்கான், உம்மா.”

“அவன் புள்ளைக்கு அவன் செஞ்சுக்கட்டும்.”

விருந்து முடிந்ததும் உம்மா எலும்புகளைக் கொல்லையில் புதைத்தார். மறுநாள் சுஹைப் தோண்டப் போனபோது, தெருநாய் ஒன்று அவனுக்கு முன்பே அகழாய்வைத் தொடங்கியிருந்தது. கீறலின்மேல் பல் தடம் அருமையாக விழுந்திருந்தது.

‘இப்படி நல்லி உடைக்கப்படாத எலும்பு கிடைத்தால், தின்றவர்கள் பசியறியாதவர்கள்’ என்று ஆய்வேட்டை முடித்தான். உம்மாவைப் பற்றி எழுதவில்லை. மேற்கோள் காட்டும்படி அவர் நூல் எதுவும் வெளியிட்டிருக்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஆனந்தவல்லி, எலும்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

“பசியில்லாதவன் கறிய இவ்ளோ ஒட்டச் சுரண்டுவானா? நல்லிய மட்டும் ஏன் விட்டான்?”

சுஹைபுக்குத் தம்மாம் தெரிந்தது. பொய் ஒன்று தேடினான், தரமானது கிடைக்கவில்லை.

“உம்மா ஒடைக்கக் கூடாதுன்னுட்டாங்க, மேடம்.” அக்கீகாவைச் சொன்னான்.

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். “நியாண்டர்தால் வீட்டுலயும் ஒரு உம்மா இருந்திருந்தா, எலும்பு சொல்லுமா?”

“சொல்லாதுங்க, மேடம்.”

“அப்ப முடிவ அடிச்சுட்டு, அத எழுதுங்க.”

அங்கேயே எழுதினான். அறுபத்தொன்று கிடைத்தது.

“விசா வீணாவக் கூடாது,” என்றார் வாப்பா. அது பெரியப்பா மகன் ஃபாஜிலுக்குப் போனது. அவனை வழியனுப்பும் விருந்தில் சுஹைபின் தட்டில் ஒரு நல்லி விழுந்தது. அவன் உம்மாவைப் பார்த்தான்.

“இது சும்மா கடைக்கறிதான், தட்டித் தின்னு,” என்றார் உம்மா.