ஓட்டையின் அளவு

அக்கா கணக்குப் போடுவாள், நான் அளப்பேன். ஒரே ஆய்வகத்தில் உடன்பிறந்தவளோடு வேலை பார்க்கும் கொடுமை யாருக்கும் வரக் கூடாது. ஒரு தசமப் புள்ளி பிசகினாலும் சாமியாடிவிடுவாள்.

வேலை இதுதான். தலைமுடிப் பருமனில் வரிசை வரிசையாக ஓட்டை போட்ட உலோகத் தகட்டின் மீது டெராஹெர்ட்ஸ் அலையைப் பாய்ச்ச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த அலை, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் முண்டியடித்துக்கொண்டு வெளியே வரும். வரைபடத்தில் அது ஒரு முகடு. ஓட்டையின் அளவை வைத்து, முகடு எங்கே வரும் என்று அக்கா கணினியில் முன்கூட்டியே சொல்வாள். நான் அளந்து சரிபார்ப்பேன்.

கொஞ்ச நாளாக என் முகடு தள்ளித் தள்ளி விழுந்தது. காரணம் தெரிந்ததுதான். என் கை நடுங்குகிறது. இனி கூடுமே தவிரக் குறையாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். தகட்டைத் தாங்கியில் நேராக நிறுத்த முடியவில்லை. இம்மி சாய்ந்தாலும் முகடு நகர்ந்துவிடும்.

"இந்தத் தடவையும் ஒத்துப்போகலேன்னா மேசைய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்பா. தப்பா நினைக்காத," என்றார் ஆய்வகத் தலைவர். தப்பாகத்தான் நினைத்தேன். அந்த மேசையை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

மறுபடி அளந்து கொடுத்தேன். அக்கா தன் கோட்டையும் என் கோட்டையும் ஒரே படத்தில் போட்டுக் காட்டினாள். அச்சு அசலாக ஒன்றின் மேல் ஒன்று. தலைவர் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். கை சரியாகிவிட்டது என்றே நம்பிவிட்டேன்.

பிறகுதான் அவள் திரையில் ஓட்டையின் அளவைப் பார்த்தேன்.

"அக்கா, மைக்ரோஸ்கோப்புல பாத்து அளவு குடுத்ததே நான்தான். இவ்ளோ பெரிசு இல்லையே?"

"தகட்டச் செஞ்சவங்க கொஞ்சம் முன்னப்பின்ன போட்டிருப்பாங்கடா."

"எனக்காக ஓட்டையப் பெரிசாக்கிட்டியா?"

அவள் திரும்பவில்லை. "வேற என்னடா செய்யச் சொல்ற? மருந்தும் கேக்க மாட்டேங்குது. என் கையில இருக்கறது இந்த ஒரு எண்ணுதான்."

கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

"பழைய அளவையே போடுக்கா."

போட்டாள். கணக்கு முடிந்தது. கோடுகள் இரண்டும் விலகி நின்றன.

"இன்னொரு தடவ அளந்து பாரேன்டா. தகட்ட நான் மாட்டித் தரேன்."

"எத்தன நாளைக்குக்கா மாட்டித் தருவ?"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். தலைவர் அறைக்கு நானே போனேன்.