பனிமனிதனின் திணை

உள்ளங்கைக்குள் பனி உதிர்கிறது, மாவு போல உதிர்கிறது, மறுபடியும் அள்ளி அழுத்துகிறேன், உலர்ந்த பனியில் உருண்டை பிடிபடாது, மேற்பரப்பை விலக்கி அடியிலுள்ள ஈரப் பனியை எடுக்க வேண்டும், பிடிபட்டதைத் தரையில் உருட்ட வேண்டும், ஒரே திசையில் உருட்டினால் அது உருளையாகிவிடும், ஆகவே திசையை மாற்றி மாற்றி, கனடாவின் பிரம்டனில் பதினொரு குளிர்காலங்களை ஜன்னல் வழியே பார்த்துக் கற்றுக்கொண்ட முறை இது, எழுபத்தொன்பது வயதில் கையுறை இல்லாமல் முற்றத்தில் முழந்தாளிட்டுச் செய்கிறேன், ஏனெனில் இந்தக் கோபத்தோடு அந்த வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

அரைமணி நேரத்துக்கு முன் கேதீஸ் சமையலறையில் நின்று தொலைபேசியில் பேசினான், நான் பெற்ற ஒரே மகன், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணோடு, நான் மாடிப்படியில் நிற்பது தெரியாமல், ஓம் தங்கச்சி, அது ஒரு கரைச்சலும் தராது, அதுக்கு இன்னும் சொல்லேல்லை, திங்கக்கிழமை கொண்டுவந்து விடுறன். அது. கொண்டுவந்து. முப்பத்திரண்டு ஆண்டுகள் பருத்தித்துறையில் பெண்பிள்ளைகளுக்கு உயர்திணையும் அஃறிணையும் படிப்பித்தவளை, ஒரு நாற்காலியைப் போல. பனிமனிதன் உருகிவிட்டது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள், எழுவாயில் மனிதன், பயனிலையில் பொருள், இன்று எனக்கும் அதே நிலை.

நடு உருண்டையைத் தூக்கி அடி உருண்டைமேல் வைக்கிறேன், இடைவெளியில் பனியை அப்புகிறேன், விரல்கள் சிவக்கின்றன, கன்னம் சிவக்கிறது, என் ஐந்து விரல்களும் பதிந்த கேதீஸின் ஆறு வயதுக் கன்னம், போர்க்காலத்தில் சந்தையில் ஷெல் விழுந்த மத்தியானம், பாயில் சுற்றிய அவன் தகப்பனைத் தட்டிவான் வண்டியிலிருந்து இறக்கிக் கூடத்தில் கிடத்துகிறார்கள், கேதீஸ் என்னிடம் ஓடிவருகிறான், அம்மா, அப்பா வந்து கிடக்குது, அறைகிறேன், கிடக்கிறார் எண்டு சொல்லடா, அவன் சொல்லவில்லை, இன்னோர் அறை, அயலெல்லாம் பார்த்து நிற்கிறது, கிடக்கிறார் என்று அவன் விம்மிச் சொன்ன பிறகுதான் நான் அழத் தொடங்கினேன், பிணம் அஃறிணை என்பதே இலக்கணம், பிள்ளை பிழைவிடவில்லை, எனக்கு அது அப்போதே தெரியும், தெரிந்தும் அடித்தேன், அதற்கு இன்றுவரை அவனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன்.

அம்மா, என்ன விசர் வேலை இது, கை விறைக்கப் போகுது, உள்ளுக்கு வாங்கோ, கதவைத் திறந்துகொண்டு நிற்கிறான், நரை தொடங்கிய மகன், முகத்துக்கு நேரே வாங்கோ, முதுகுக்குப் பின்னால் அது. ஆரடா அது, என்றேன். எது அம்மா. நீ திங்கக்கிழமை கொண்டுபோய் விடப்போற அது. அவன் முகம் வெளிறியது, படியிலை நிண்டனீங்களோ. நிண்டனான், நான் ஒரு இடமும் போகமாட்டன், இப்பவே அவளுக்கு ஃபோன் எடுத்து, சொன்னதைத் திருத்து. சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தான், என் கண்ணைப் பார்த்தபடியே, ஒவ்வொரு சொல்லாக, தங்கச்சி, நான் முதல் பிழையாச் சொல்லிப்போட்டன், அம்மாவைத் திங்கக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன், அவ ஒரு கரைச்சலும் தரமாட்டா.

எழுவாயும் பயனிலையும் பொருந்தியிருந்தன, திணையில் வழுவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். தலைக்கென்று அள்ளிய பனி என் கைச்சூட்டில் இளகி, இறுகி, கல்லாகிவிட்டது, எவ்வளவு நெரித்தாலும் இப்போது ஒரு துகளும் உதிரவில்லை, அதைக் கழுத்தில் ஏற்றிவைக்க எனக்கு மனமில்லை, எழுந்து நின்று, சமையலறை ஜன்னலை நோக்கிக் கையை ஓங்குகிறேன்.