சனிக்கிழமைச் சீட்டுகள்

மேசையைச் சுற்றி ஐந்து பேர். சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால் ஆடும் முக்காலியில் துறைத்தலைவி. அவருக்கு எதிரே, அந்த அறையிலிருந்த ஒரே கைவைத்த நாற்காலியில், யாரும் சொல்லாமலே வந்து உட்கார்ந்துவிட்ட வெள்ளரிக்காரர். இவர் பக்கத்து ஆய்வறையில் வெள்ளரி வளர்ப்பவர். கவிழ்த்துப் போட்ட பழக்கூடையின் மேல் சீட்டக்காவின் அண்ணன். பாதி உள்ளே, பாதி வெளியே நின்றபடி, ஒரு கண்ணை வாசல் கேட்டின் மேலேயே வைத்திருந்த காவலாளி.

ஐந்தாவது ஆளான சீட்டக்கா உட்காரவேயில்லை. கையில் கத்தி. முன்னால் ஒரு தட்டு நிறையத் தக்காளி, ஒவ்வொன்றின் காம்பிலும் தேதியும் கிழமையும் எழுதிய ஒரு சின்னச் சீட்டு. கண்ணில் பட்டதற்கெல்லாம் சீட்டுக் கட்டுவதால்தான் அவளுக்கு அந்தப் பெயர்.

"வீட்டுல உப்பு டப்பாவுக்குச் சீட்டு, பூனைக்குச் சீட்டு. எனக்கு எப்போ கட்டுவாளோன்னு பயந்துகிட்டே இருக்கேன்" என்றான் அண்ணன்.

"உனக்கு எதுக்கு? உன்னை யாரும் மாத்தித் தூக்கிட்டுப் போக மாட்டாங்க."

சிரித்தாளே தவிர, கண் கடிகாரத்துக்கே போய்க்கொண்டிருந்தது. இருப்பது ஒரே பசுமைக்குடில். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அது தக்காளிக்கா, வெள்ளரிக்கா என்று குழு முடிவு செய்யப் போகிறது. ஆய்வில் கண்டதை எழுதிக் குழுவுக்கு அனுப்பும் கடிதத்தில் இன்றைய தபால் முத்திரை விழவேண்டும். தபால் நிலையம் மூடுவது நாலு மணிக்கு. இப்போது மணி ஒன்றரை.

வெள்ளரிக்காரர் தன் கடிதத்தை நேற்றே அனுப்பிவிட்டார். காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

"இந்தச் செடியில அப்படி என்னம்மா செஞ்சீங்க? இன்னைக்காவது எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் காவலாளி.

சீட்டக்கா கத்தியைத் துடைத்தபடியே சொன்னாள். தக்காளிப் பூவுக்குள் ஒரு மரபணு இருக்கிறது. மகரந்தம் வந்து சேரும்வரை 'பொறு, காய்க்காதே' என்று பூவைத் தடுத்து வைப்பது அதன் வேலை. வெயில் ஏறினால் மகரந்தம் செத்துப்போகும். காத்திருந்த பூவும் வாடி உதிரும். அண்ணனின் தக்காளித் தோட்டத்தில் இரண்டு கோடையாக நடந்தது அதுதான். கூடை கூடையாகப் பூவைத்தான் அள்ளிக் கொட்டினான். சீட்டக்கா அந்த மரபணுவின் நீண்ட எழுத்து வரிசையில் இரண்டே எழுத்தை வெட்டியிருந்தாள். தடுக்க ஆளில்லாவிட்டால், மகரந்தம் வராமலேயே பூ பழமாகவேண்டும். விதையில்லாத பழமாக.

"அப்போ பூவுக்குள்ள இருந்த வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்கிட்டீங்கன்னு சொல்லுங்க!"

தலைவியே சிரித்துவிட்டார், முக்காலி ஆடியது.

"எல்லாம் சரி. விதையே இல்லாட்டி அடுத்த வருஷம் எதை நடுவீங்க? பழத்தையா?" என்றார் வெள்ளரிக்காரர். மூன்று மாதமாக அவர் கேட்கும் கேள்வி.

அவள் நன்றாகப் பழுத்ததை எடுத்து நறுக்கினாள். இரு பாதியும் தட்டில் மல்லாந்தன.

விதை. வரிசை வரிசையாக, கொழுகொழுவென்று, வேண்டிய மட்டும் விதை.

இன்னொன்றை வெட்டினாள். விதை. மூன்றாவதிலும் விதை. இரண்டு வருட உழைப்பு தட்டில் சாறாக ஓடியது. வெள்ளரிக்காரரின் கால் ஆட்டம் நின்றது. பாவம், அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"ஆகா, விதை வந்துடுச்சா!" என்று கைதட்டினார் காவலாளி. "எல்லாம் நம்ம கைராசி!"

நாலு தலையும் ஒருசேரத் திரும்பின.

"என்ன கைராசி?" என்றாள் சீட்டக்கா, மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவி விதைக்காக வளர்க்கும் தக்காளிச் செடிகளுக்கு மென்தூரிகையால் மகரந்தம் தொட்டு வைப்பது காவலாளிதான். தேர்ந்த கை. ஒரு ஞாயிறு, வேலை முடிந்த பிறகும் கிண்ணத்தில் கொஞ்சம் மகரந்தம் மிச்சம். எல்லா அறைச் சாவியும் அவரிடம்தான். அடுத்த அறையைத் திறந்து எட்டிப் பார்த்தால், சீட்டக்காவின் பூக்கள் மகரந்தப்பை கிள்ளப்பட்டு மொட்டையாக நின்றன.

"பாவமா இருந்துச்சும்மா. யாரோ பிச்சுப் போட்டுட்டாங்கன்னு நெனைச்சேன். மிச்சத்தை வீணாக்குவானேன்னு ஆளுக்கு ஒரு தொடு தொட்டு வெச்சேன்."

"அந்தப் பையை நான்தானே இடுக்கியால ஒண்ணொண்ணா கிள்ளினேன்! மகரந்தமே படக்கூடாதுன்னு!"

காவலாளியின் முகம் சுண்டிப்போனது. தலைவி தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் சீட்டக்காவின் கண் தட்டில் கிடந்த காம்புச் சீட்டுகளுக்குப் போனது. ஒவ்வொன்றிலும் பூவைக் கிள்ளிய கிழமை. வெள்ளி. சனி. சனி.

"எந்த ஞாயிறு? சரியாச் சொல்லுங்க."

"நீங்க லீவு போட்ட ஞாயிறும்மா. உங்க அண்ணன் வீடு மாத்தினாரே."

"ஒரே ஒரு நாள்தானா?"

"அந்த ஒரு நாள்தான்."

"எதிர் வரிசைச் செடிங்களைத் தொட்டீங்களா? எழுத்து வெட்டாததை?"

"இல்லம்மா, அதுக்குள்ள கிண்ணம் காலி."

எதிர் வரிசையிலும் அதே நாட்களில், அதே இடுக்கியால் கிள்ளியிருந்தாள். அங்கே ஒரு பிஞ்சுகூட நிற்காமல் எல்லாப் பூவும் உதிர்ந்திருந்தது. இந்த வரிசையில் அவள் கிள்ள ஆரம்பித்தது அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. வெள்ளியும் சனியும் கிள்ளிய பூக்கள்தான் ஞாயிறன்று விரிந்திருந்தன. மற்றதெல்லாம் திங்கள் முதல் கிள்ளியவை. முதலில் பூத்தது முதலில் பழுக்கும். பழுத்ததைத்தான் முதலில் வெட்டினாள்!

"அண்ணா, தட்டைப் பிடி. திங்கள் சீட்டு எதுன்னு பாரு!"

"இது செவ்வாய்."

"குடு!"

நறுக். உள்ளே சதைதான். வெட்டிய இடம் முழுக்கச் சதை. விதை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இன்னொண்ணு!" என்று தலைவி முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். முக்காலி விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. திங்கள், இல்லை. புதன், இல்லை. வெள்ளரிக்காரர் தானாகவே பேனாவை எடுத்துக் கணக்கெழுத ஆரம்பித்தார். திங்கள் முதல் கிள்ளியவை இருபத்தாறு, ஒன்றில்கூட விதையில்லை. வெள்ளி, சனிச் சீட்டு பதினேழு. பதினைந்தில் விதை, இரண்டில் இல்லை.

"அந்த ரெண்டும் இலைக்குப் பின்னால இருந்திருக்கும், என் கண்ணுல படலை" என்றார் காவலாளி குற்ற உணர்ச்சியோடு.

வெள்ளரிக்காரர் பேனாவை மூடினார். "சரி, நானே சொல்லிடறேன். அடுத்த வருஷம் எதை நடுவீங்கன்னு கேட்டேன்ல? இதோ, பதினஞ்சு பழம் நிறைய விதை இருக்கு."

சீட்டக்காவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. மகரந்தம் வராவிட்டால் விதையில்லாப் பழம். வந்தால் விதையுள்ள பழம். தின்னவும் ஆயிற்று, விதைக்கவும் ஆயிற்று. தலைகால் புரியாமல் அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பழம் நழுவிப் பால்ல விழுந்துச்சுன்னு சொல்வாங்க" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இங்க தள்ளி விடவே ஆள் வெச்சிருக்கீங்க."

மணி மூன்று. தலைவி தாளை நகர்த்தி வைத்தார். "காவலாளி விஷயத்தை எழுதணுமா? அறையைப் பூட்டி வைக்கத் தெரியாதவங்கன்னு குழு நெனைக்கும். குடிலே கை நழுவலாம்."

"எழுதாட்டி அந்தப் பதினஞ்சு எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்றது?" என்றாள் சீட்டக்கா. எழுதினாள், ஒரு அடித்தலும் இல்லாமல்:

"மேற்படி ஞாயிறன்று எங்கள் காவலாளி, திட்டத்தில் இல்லாதபடி, விரிந்திருந்த பூக்களுக்கு வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைத்தார். அப்பூக்களின் பழங்களில் மட்டுமே விதை உள்ளது. விதைகள் முளைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். அதைப் பார்க்கவே குடிலைக் கேட்கிறோம்."

காவலாளி தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். "என் வேலை போயிடாதுல்ல?"

"நீங்க இல்லாட்டி பாதி கடிதம் காலி" என்றார் தலைவி. "ஆனா இன்னைக்கே இவங்க அறைச் சாவியைக் குடுத்துடுங்க."

சீட்டக்கா தாளை மூன்றாக மடித்தாள். ஒரு சனிக்கிழமைச் சீட்டையும் ஒரு செவ்வாய்க்கிழமைச் சீட்டையும் உள்ளே வைத்தாள். உறையின் ஓரத்தில் பசை தடவி, உள்ளங்கையால் ஒருமுறைக்கு இருமுறை அழுத்தினாள். மணி மூன்றே கால்.

"குடுங்க, சைக்கிள்ல பத்து நிமிஷம்" என்று காவலாளி கையை நீட்டினார்.

"கேட்டை யார் பார்ப்பாங்க?"

வெள்ளரிக்காரர் கைவைத்த நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே வாசலுக்கு நடந்துகொண்டிருந்தார். "போய்ட்டு வாங்க, நான் இருக்கேன். ஆனா வழியில எந்தப் பூவையும் தொட்டுடாதீங்க!"

காவலாளி உறையைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே கேட்டைத் தாண்டினார்.