கிரானைட் மியூலும் மாதா சப்பரமும்

புதுச்சேரியின் கிராமப்புறத்தில் கிரானைட் மியூல் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவுக்கு இரண்டே ரசிகர்கள். அந்த இரண்டு பேருக்குள்ளும் கோஷ்டித் தகராறு.

முதல் கோஷ்டி இக்னேஷியஸ். மதகடிப்பட்டு ஜங்ஷனில் உரக்கடை வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். குழுவின் சின்னமான கோவேறு கழுதை மண்டையோடு போட்ட கறுப்பு டீ-ஷர்ட்டோடுதான் கடையில் உட்காருவார். மண்டையோட்டைப் பார்த்துவிட்டு, இங்கே பூச்சிமருந்து வீரியமாக இருக்கும் என்று நம்பி வந்தவர்களும் உண்டு. இரண்டாவது கோஷ்டி குமரவேல். மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பு போடுகிறவர், கல்லூரிக் காலத்துக் கூட்டாளி.

கிரானைட் மியூல் ஐந்தாவது ஆல்பத்தோடு செத்துப்போனது என்பது இக்னேஷியஸின் கட்சி. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கருமாதிச் செலவு. பாடகனுக்குத் தொண்டை இறங்கிவிட்டது, அதை மறைக்க கிடார்களையும் சுருதி இறக்கிவிட்டார்கள். எந்தப் பாட்டில் எவ்வளவு இறக்கினார்கள் என்று வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் சொல்லிவிடக்கூடிய காது தன்னுடையது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

"பழசுல இன்னாபா கீது? கீச்சுகீச்சுன்னு கத்துறான். டிராக்டர் சத்தத்துல காணாமப் போயிடுது" என்பார் குமரவேல். "இப்ப பாடுறான் பாரு, இஞ்சினுக்கு அடியில பூந்து வருது. புது ஆல்பம் வந்துகீது, ஒரு வாட்டி கேளேன்."

"முடியலன்னா மரியாதயா மைக்க வெச்சிட்டுப் போவணும்டா. நானா இருந்தா, சுருதி ஒரு புள்ளி கொறஞ்சாலும் மைக்கத் தொட மாட்டேன்."

இது வெறும் வாய்ச்சவடால் இல்லை. இக்னேஷியஸிடமும் ஒரு மைக் இருந்தது. வில்லியனூருக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய பங்குக் கோயிலில், மாதா திருவிழா அன்று சப்பரம் கிளம்பும்போது பாடுகிறவர் அவர்தான். அந்தப் பாட்டின் கடைசி வரி உச்சிக்கு ஏறும். அந்த உச்சியை அவர் தொடும் நொடியில்தான் தூக்குகிறவர்கள் சப்பரத்தைத் தோளுக்கு ஏற்றுவார்கள். அதற்கு முன்னால் ஏற்றுவது வழக்கமில்லை. வாலிப வயதிலிருந்து அதை நாலு கட்டைச் சுருதியில் பாடுகிறார். ஆண்குரலுக்கு அது ஏறக்குறைய கூரைமேல் நிற்கிற உயரம். இன்றைக்கும் அதே நாலு கட்டை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், யூரியா கேட்டு வந்தவர்களிடமும்.

கீபோர்டு வாசிப்பது அவர் மனைவி அந்தோணி மேரி.

திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை, கோயிலில் ஒத்திகை. பூ அலங்காரம் பற்றிப் பேச மேரி ஃபாதரிடம் போயிருந்தாள். சும்மா இருக்கிற ஆளா இக்னேஷியஸ்? துண்டை எடுத்து கீபோர்டைத் துடைத்தார். திரையில் 'டிரான்ஸ்போஸ்' என்ற இடத்தில் மைனஸ் மூன்று என்று இருந்தது. அதாவது, விரல் பழைய இடத்திலேயே ஓடினாலும் சுருதி மூன்று படி கீழே கேட்கும். எவனோ நோண்டியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே சைபருக்குக் கொண்டுவந்தார். குடும்பத்துக்கு ஒரு உபகாரம் செய்த திருப்தியோடு மைக் முன்னால் போய் நின்றார்.

மேரி வந்தாள், வாசித்தாள். முதல் வரியிலேயே அவருக்கு வேட்டி இறுக்கமாகிவிட்டது போல இருந்தது. இரண்டாவது வரியில் கழுத்து நரம்பு புடைத்தது. உச்சி வரியில் குரல், மேட்டில் கியர் விழாத டவுன் பஸ் மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது.

மேரி திரையைப் பார்த்தாள்.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தான். எவனோ மூணு எறக்கி வெச்சிருந்தான். சரி பண்ணேன்."

மேரி தலையைக் குனிந்துகொண்டாள். பாடகர் குழுவில் இருந்த ஆரோக்கியசெல்விக்குத்தான் வாய் அடங்கவில்லை. "அண்ணே, அது பல வருசமா எறங்கிதானே கீது? சப்பரம் தூக்கறவங்களுக்குக்கூடத் தெரியுமே!"

வீட்டுக்குப் போகும் வழியில், வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த மேரியிடம் கேட்டார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. அதான் கடையில தெனம் சொல்றீங்களே, மைக்கத் தொட மாட்டேன்னு. மொதல்ல ஒண்ணு எறக்கனேன். நீங்க கண்டுக்கல. அப்பறம் இன்னொண்ணு."

"எனக்கா தெரியல? என் காதுக்கா?"

"காது இங்கிலாந்துல இருந்துச்சு."

வண்டி கரும்புக் காட்டைத் தாண்டியது. பிறகு, "இந்த வருசம் நான் பாடல. வேற யாரையாவது பாடச் சொல்லு" என்றார்.

"யாரு பாடறது? நீங்க பாடலன்னா அவங்க எந்த எடத்துல தூக்குவாங்க?" என்றாள் மேரி.

மறுநாள் காலை குமரவேல் கடைக்கு வந்தபோது, மண்டையோடு இல்லாத சட்டையில் இக்னேஷியஸ் உட்கார்ந்திருந்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்றே குமரவேல் நினைத்தார்.

"அந்தப் புது ஆல்பத்தப் போடு."

"இன்னாபா, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"போடுடா."

மூட்டைகளுக்கு நடுவே இருந்த ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. இக்னேஷியஸின் காது பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. மூன்று. சரியாக மூன்று படி இறக்கியிருக்கிறார்கள்.

இத்தனை வருடம் அதை ஒரு ஆளின் தோல்வி என்றே கேட்டுவந்தார். இன்று அந்த ஆளுக்குப் பக்கத்தில் நின்றவர்களின் வாசிப்பு கேட்டது. ஒரு கிழட்டுத் தொண்டைக்காக இரண்டு கிடாரும் பேஸும் ஒவ்வொரு தந்தியாகத் தளர்ந்து கீழே வந்திருந்தன. டிரம்ஸ்காரன் பாடகன் மூச்சு வாங்க இடம் விட்டு அடித்தான். யாரும் மேலே நின்றுகொண்டு பாடகனை ஏறி வரச் சொல்லவில்லை. போதாததற்கு, முதல் தடவையாக வார்த்தையும் புரிந்தது. அந்தக் குழு ஏதோ பேய் பிசாசைப் பற்றிப் பாடுகிறது என்றுதான் முப்பது வருடமாக நம்பியிருந்தார். அந்த ஆளோ, கடைசி பஸ்ஸில் தனக்கு இடம் பிடித்து வைத்திருந்தவளைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தான்.

இக்னேஷியஸ் கண்ணைத் துடைத்தார். "யூரியா தூசி."

"யூரியா குருணைபா. அதுல ஏது தூசி?" என்றார் குமரவேல். பிறகு அவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சப்பரத்துக்கு முன்னால் மைக் இருந்தது. இக்னேஷியஸும் இருந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். தூக்குகிறவர்கள் தடிக்கு அடியில் தோள் கொடுத்துக் குனிந்தார்கள். மேரியின் விரல் கீபோர்டுத் திரைக்குப் பக்கத்தில், அவருக்குத் தெரியாமல் செய்து பழகிய விரல், தயங்கி நின்றது.

இக்னேஷியஸ் அவள் பக்கம் சாய்ந்தார். "மூணு வாணாம். நாலா எறக்கு மேரி. சொகமா பாடுவோம்."

மைக் ஆன் ஆகியிருந்தது. பங்கு முழுக்க அது கேட்டது. குனிந்திருந்தவர்கள் சிரித்ததில் மாதாவே ஒருமுறை குலுங்கினாள்.

மேரி இறக்கினாள். சிரித்துக்கொண்டே இறக்கினாள். அவர் பாடினார். கூரைமேல் ஏறாமல், தரையில் நின்று, வார்த்தை வார்த்தையாக. கடைசி வரி வந்தது. அது பழைய உச்சி இல்லை, இதை நம்பித் தூக்குவார்களா? தொட்டார். சப்பரம் எப்போதும் போல ஒரே மூச்சில் தோளுக்கு ஏறியது.

கூட்டத்தின் ஓரத்தில், கழுதை மண்டையோட்டு டீ-ஷர்ட்டில் வந்திருந்த குமரவேல் உணர்ச்சிவசப்பட்டு, மெட்டல் கச்சேரிப் பழக்கத்தில் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் சாத்தான் கொம்பு மாதிரி உயர்த்தினார். எங்கே நிற்கிறோம் என்பது அடுத்த நொடி ஞாபகம் வந்தது. மற்ற விரல்களையும் அவசரமாக விரித்து, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

அதைப் பார்த்துவிட்ட இக்னேஷியஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போனார். மேரி அவர் மூச்சு வாங்க இடம் விட்டு வாசித்தாள். இந்தத் தடவை அவர் அதைக் கேட்டார்.