ஐந்தாவது பாட்டில்

பல் மருத்துவமனையில் அச்சு எடுக்கும் பெண் ஒரு கோப்பையை முகர்ந்துவிட்டு, இந்த ஒயினில் நனைந்த செங்கல் வாசனை இருக்கிறது என்று சொன்ன மூன்றாவது நிமிடம், அவள் போயிருந்த வீட்டுக் கூடத்தில் முப்பத்திரண்டு செங்கற்கள் இருந்தன. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில், விரிப்பின் மேல், நாலு வரிசையாக, சொட்டச் சொட்ட நனைந்து இருந்தன. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர். ஒரு கல்லை எடுத்து இன்னொன்றோடு தட்டிப் பார்த்து, நன்றாக வெந்த கல், இந்தத் தரம் இப்போது சந்தையில் கிடையாது என்றார். அவர் மனைவி விரிப்பு பாழானதைப் பற்றி மட்டும் பேசினாள். விருந்தாளிகள் பத்துப் பேரும் அந்த ஒயினில் ஆளுக்கு இரண்டு பாட்டில் எழுதிக்கொடுத்துவிட்டு, செங்கற்களைச் சுற்றிக் கவனமாகக் கால் வைத்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு மூக்குக்காரி என்று பெயர்.

மூக்குக்காரி இந்த வேலையில் விழுந்தது நாத்தனாரால். பகல் முழுக்க ஊரார் வாயில் மாவை வைத்து அழுத்திப் பல்லுக்கு அச்சு எடுப்பது அவள் வேலை. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று டாக்டரிடம் சத்தியம் செய்தவன் எத்தனை மணிக்குக் கடைசியாகப் பிடித்தான் என்பது வரை அவள் மூக்குக்குத் தெரியும். இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு மாலை நேரத்தை வீணாக்குகிறாயே என்று ஒரு நாள் நாத்தனார் வந்தாள். நாத்தனார் அந்த ஒயின் கம்பெனியில் ஒன்பது வருஷமாக இருந்தவள். மூத்த வழிகாட்டி என்று அட்டை வைத்திருந்தாள். கம்பெனிக்குக் கடை கிடையாது. பெண்கள் ஒரு பையில் ஐந்து பாட்டிலோடு வீடு வீடாகப் போவார்கள். அழைத்த வீட்டுக்காரர் பத்துப் பேரைக் கூட்டி வைத்திருப்பார். ருசி காட்டி, விளக்கம் சொல்லி, விற்க வேண்டும். இருக்கிற வேலையை விடாமல் மாலையில் செய்யலாம் என்றதும், கரும்பு தின்னக் கூலியா என்று மூக்குக்காரி கையெழுத்துப் போட்டாள்.

அவர்களுக்குச் சுயேச்சை ஒயின் ஆலோசகர் என்று பட்டம். சுயேச்சை என்ற சொல் இந்தக் கம்பெனியிடம் மாட்டிக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமில்லை. என்ன பேச வேண்டும் என்பது அட்டையில் அச்சடித்து வரும். எதை முதலில் ஊற்ற வேண்டும், எதற்கு எவ்வளவு நேரம், எந்த வரிக்குப் பிறகு சிரிக்க வேண்டும், எல்லாம் அதிலேயே இருக்கும். பட்டம் நிலைக்க வேண்டுமென்றால் மாதம் இரண்டு பெட்டி எடுத்தே ஆக வேண்டும். எடுத்தது விற்காவிட்டால் திரும்ப வாங்க மாட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பெண்கள் முழுச் சுயேச்சை. எல்லாவற்றிலும் கண்டிப்பான விதி ஐந்தாவது பாட்டிலைப் பற்றியது. அதுதான் கம்பெனியின் சொந்தத் தயாரிப்பு. அதை எப்போதும் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், நன்றாகக் குளிர வைத்திருக்க வேண்டும், ஊற்றுவதற்கு முன் எல்லோருக்கும், ஆலோசகர் உட்பட, ஒரு துண்டு சாக்லேட் கொடுத்தாக வேண்டும். நாக்கு களைத்து, வாயெல்லாம் இனிப்பு அப்பிக் கிடக்கும்போது எதை ஊற்றினாலும் தொண்டைக்குள் போகும். இது தெரிந்து செய்த வேலை. இதை விதி என்று சொல்ல வெட்கப்பட வேண்டும்.

முதல் மூன்று மாதம் அவள் அட்டையைப் பார்த்துத்தான் படித்தாள். பழுத்த செர்ரி, வெண்ணிலா, அந்தி நேரத்துத் தோட்டம் என்று படிப்பாள். எந்த வீட்டிலும் எதுவும் வந்ததில்லை. அட்டை எழுதியவனுக்கு ஒயின் குடிக்கும் பழக்கமே இல்லை என்று பிறகு தெரிந்தது. கட்டட மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போன அன்று அட்டையை மருத்துவமனை மேஜையில் மறந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் கோப்பைக்குள் உண்மையில் என்ன இருந்ததோ அதைச் சொன்னாள். அதற்குப் பிறகு அட்டையைத் தொடவில்லை. மருந்துக்கடைக்காரர் வீட்டில் பென்சில் சீவிய தூள் கணுக்கால் வரை கிடந்தது. வக்கீல் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு மேல் மட்டும் பதினோரு நிமிடம் மழை பெய்தது. வக்கீல் குடை பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் குடித்தார். மனைவியை இழந்த தபால்காரர் ஒருவர் வீட்டில், இப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை என்று அவள் சொல்ல, நாற்காலி முதுகில் ஒரு வெள்ளைச் சட்டை சூடு ஆறாமல் தொங்கியது. அளவு சரியாக இருந்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு கழுத்துப் பொத்தான் வரை மாட்டினார். விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் அவளை அழைக்க வேண்டும் என்று ஊருக்குப் பழகிவிட்டது.

விஷயம் கம்பெனி முதலாளி காதுக்குப் போனது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே புது அட்டை அச்சடித்து அனுப்பினார்: முத்து, ரோஜா மாலை, தங்கச் சங்கிலி. இதையெல்லாம் சொல்லச் சொல், வரும்போது படம் பிடிக்கலாம் என்று நாத்தனாரிடம் சொன்னார். அவள் மூன்று வீடுகளில் சொல்லிப் பார்த்தாள். கோப்பைக்குள் இல்லாதது வெளியே எங்கிருந்து வரும்? மூன்று வீடுகளிலும் பத்துப் பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அவள் வேண்டுமென்றே மனசு வைக்காமல் சொல்கிறாள், இது ஒழுங்கீனம், அவளைச் சேர்த்துவிட்ட மூத்த வழிகாட்டியே இதற்குப் பொறுப்பு என்று எழுதியிருந்தது. சோம்பேறி என்று திட்டியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். தன் மூக்கு பொய் சொல்கிறது என்று சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் நேராகச் சமையலறைக்கே வந்தாள்.

"கார்டுல இருக்கறதைச் சொன்னா உன் வாய் தேஞ்சா போயிடும்?"

"சொன்னேன் அண்ணி. மூணு தடவை சொன்னேன். இல்லாதது எப்படி வரும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஆண்டு விழா. மேடையில அஞ்சாவது பாட்டிலை நீதான் ருசி பார்க்கப் போறே, நான் பேசி வாங்கியிருக்கேன். நீ சொதப்பினா என் ஒன்பது வருஷமும் போச்சு. என்னைத் தலைகுனிய வெச்சுடாதே."

பேசும்போது நாத்தனாரின் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. அதைக் கோபம் என்றுதான் மூக்குக்காரி எடுத்துக்கொண்டாள். அவள் போன பிறகு, வாயை நன்றாகக் கொப்பளித்து, ஒரு துண்டு வெறும் ரொட்டியை மென்றுவிட்டு, முதல்முறையாகச் சாக்லேட் இல்லாமல், குளிரவைக்காமல், ஐந்தாவது பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். முகர்ந்ததும் கோப்பையைத் தொட்டியில் கவிழ்த்தாள். வாயைத் திறக்கவில்லை. தன் வீட்டுக்குள் என்ன வந்து இறங்குமோ என்று பயம். அவள் கணவன் லிப்ட் பழுதுபார்ப்பவன், அதிகம் பேசாதவன். "எங்க அக்கா பேச்சைத் தட்டணும்னு நான் சொல்லல. ஆனா பொய் சொல்லிட்டு வந்து வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே" என்று மட்டும் சொன்னான். ஒரு வாரம் யோசித்தாள். உண்மையைச் சொன்னால் நாத்தனார் தெருவில் நிற்பாள். சொல்லாவிட்டால் இன்னும் நானூறு பெண்கள் இந்தக் கண்றாவியைச் சாக்லேட்டில் மறைத்து அக்கம்பக்கத்தார் தொண்டையில் ஊற்றுவார்கள். குடும்பம் முக்கியம் என்று முடிவு செய்து அட்டையை மனப்பாடம் செய்தாள். மேடை ஏறும்வரை அந்த முடிவில்தான் இருந்தாள். இதை அவளே பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

விழா மண்டபத்தில் நானூறு ஆலோசகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி நன்றாகப் பேசக்கூடியவர். நம்ம பெண்கள் விற்றுத் தள்ளுகிறார்கள், இன்று வரை ஒரு பெட்டிகூட யார் வீட்டிலும் தங்கியதில்லை, தங்கினால் அது உழைப்பில் குறை என்றார். நானூறு பேரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் நாத்தனார் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். நானூறு பேர் ஒரே நேரத்தில், அதுவும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைப்பதை அன்றுதான் அந்த மண்டபம் பார்த்தது. முதலாளி மூக்குக்காரியிடம் கோப்பையையும் சாக்லேட்டையும் நீட்டினார். அவள் கோப்பையை மட்டும் வாங்கினாள்.

"சாக்லேட்டு எடுத்துக்கம்மா."

"வேண்டாங்க. அதைத் தின்னா இதோட வாசனை தெரியாது."

முதலாளி ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு, தெரியக் கூடாதுன்னுதான் கொடுக்கறோம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அவள் ரோஜா மாலை என்றே சொல்லியிருப்பாள். அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. முகர்ந்தாள். மேடையிலிருந்து, மருத்துவமனையில் அடுத்த ஆளைக் கூப்பிடும் அதே குரலில் சொன்னாள்: "இது நனைஞ்சு காஞ்ச அட்டைப்பெட்டி. பூசணம் பிடிச்சிருக்கு. வெளிச்சம் படாத இடத்துல வருஷக்கணக்கா கிடந்தது. மேல பழைய துணியைப் போட்டு மூடி, வீட்டுல யாராவது கேட்டா ஒண்ணுமில்லைன்னு சொல்லி வெச்ச பெட்டி."

ஒயின் தெரிந்தவர்கள், கெட்ட தக்கையால் வரும் சாதாரணக் குறைதான் இது என்பார்கள். இருக்கலாம். மூன்றாவது நிமிடம் பெட்டிகள் வந்தன. நானூறு வீடுகளின் கட்டிலுக்கு அடியிலிருந்தும், மாடிப்படிக்குக் கீழிருந்தும், குளியலறைப் பரணிலிருந்தும் வந்தன. நாற்காலிகளுக்கு நடுவில், நடைபாதையில், மேடையில், கூரை தொடும்வரை சத்தமில்லாமல் அடுக்கிக்கொண்டன. ஒட்டடையோடு வந்தன. ஒன்றின் மேல் குழந்தை கிறுக்கிய சூரியன் இருந்தது. இன்னொன்றில் மூன்று நாள் பூனைக்குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. யாரும் அலறவில்லை. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்து நாற்காலிக்காரியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். முன்வரிசைக்கு எதிரே அறுபத்தோரு பெட்டிகள், நாத்தனார் வீட்டுப் பூப்போட்ட படுக்கை விரிப்பு போர்த்தியபடி நின்றன. அந்த விரிப்பை மூக்குக்காரிதான் வாங்கிக் கொடுத்திருந்தாள். பொறுக்க முடியாத ஆத்திரத்தில் பேசியவள் அதைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தாள். ஒன்பது வருஷம் இந்த மனுஷி இதன் மேல்தான் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

நாத்தனார் எழுந்தாள். போய் விரிப்பை உருவி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இங்க இருக்கறதுல என்னோடதுதான் அதிகம்" என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. பின்னாலிருந்து ஒருத்தி, எனக்கு இருபத்திரெண்டு என்றாள். எனக்கு ஒன்பது என்றாள் ஒரு புதுப் பெண். அதற்கப்புறம் மண்டபம் முழுக்க அதுதான் பேச்சு. முதலாளி, அவரவர் பெட்டியை அவரவர் எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்யுங்கள் என்று கத்தினார்.

ஒருத்தியாலும் எடுக்க முடியவில்லை. பெட்டிகள் தரையோடு தரையாக நின்றன. கூலியாட்கள் வந்து பார்த்தார்கள், பாரந்தூக்கி வண்டி வந்து பார்த்தது, எடை தூக்கிப் பதக்கம் வாங்கிய ஒருவர் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். நாலாம் நாள் முதலாளி கோபத்தில் ஒன்றை எட்டி உதைக்க, அது காலிப் பெட்டி போல நகர்ந்தது. அவர் தூக்கினால் மட்டும் அது வந்தது. அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், வேறு யாராவது கை கொடுத்தால் அந்த நிமிடமே கனத்துவிடும். மண்டபத்துக்காரர் இடத்துக்கு வாடகை கேட்டதால் அவர் தூக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. மொத்தம் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் வருவார், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் தூக்க ஆரம்பிப்பார். மண்டபத்தில் கூட்டம் நடத்துகிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே அவருக்கு வழிவிடப் பழகிக்கொண்டார்கள். முன்பதிவு செய்யும்போதே அலுவலகத்தில் இதைச் சொல்லிவிடுவார்கள். மூக்குக்காரி கம்பெனியை விட்டுவிட்டு, யாருடைய அட்டையும் இல்லாமல், தானே பாட்டில் தேர்ந்தெடுத்து வீடுகளுக்குப் போய்வருகிறாள். நாத்தனார் துணைக்குப் போகிறாள். போகாத நாட்களில் நாலு மணிக்கு மண்டபத்துக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். முதலாளி அவளுடைய அறுபத்தொன்றில் ஒன்றைத் தூக்கும்போது மட்டும் வாய் திறப்பாள்.

"பாத்துத் தூக்குங்க. உள்ள கண்ணாடி."